ஒரே மூட்டையாகக் கிடக்கும் நிரலைப் பாகம் பிரிப்பது எப்படி?

2025 செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை இரவு. வண்ணார்பேட்டையில் எங்கள் அலுவலக மாடியில் நாலு பேர் உட்கார்ந்து '12' என்ற எண்ணைத் தேடிக்கொண்டிருந்தோம். விடிந்தால் ஜிஎஸ்டி புது விகிதம். நெய், வெண்ணெய், பாக்கெட் மிக்சர் எல்லாம் 12 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்குகின்றன. நாங்கள் எழுதி விற்கும் கடைக் கணக்கு மென்பொருளில் வரி விகிதம் ஒரே ஃபைலில்தான் இருக்கிறது என்று அதுவரை நம்பியிருந்தோம். அதிகாலை 3 மணிக்கு 30 இடங்களைத் திருத்தி முடித்தோம். 31-ஆவது இடத்தைப் பாளையங்கோட்டையில் ஒரு மளிகை மொத்தக்கடை அண்ணாச்சி கண்டுபிடித்துக் கொடுத்தார்.

"தம்பி, ஸ்கிரீன்ல அஞ்சுன்னு காட்டுது, சிட்டையில பன்னெண்டுன்னு அடிக்குது. நான் எதைய்யா வாங்கணும்?"

தீபாவளி கழிந்ததும் நிரலைப் பிரிக்க இறங்கினோம். 3 வாரம் என்று முதலாளியிடம் சொன்னோம். 11 வாரம் ஆனது. மிச்ச 8 வாரம் எங்கே போனது என்று நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். எங்களுடையது பைத்தான் மொழி, அதன் மேல் ஜாங்கோ என்ற இணையச் சட்டகம். நீங்கள் வேறு மொழியில் எழுதுகிறவர் என்றால் கருவிகளின் பெயர் மாறும், வேலையின் வரிசை மாறாது. இரண்டு பேர் முதல் ஆறு பேர் வரை இருக்கும் சின்னக் குழுக்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஐம்பது பேர் இருக்கும் இடத்தில் இதைவிடப் பெரிய தலைவலிகள் உண்டு. அவை எனக்குப் பழக்கமில்லை.

1. பிரிக்கத்தான் வேண்டுமா?

ஃபோல்டர் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பது மட்டும் காரணமென்றால் விட்டுவிடுங்கள். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' கருவியில் கடந்த ஆறு மாத கமிட்டுகளை (பதிவுகளை) எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தெந்த ஃபைல்கள் சேர்ந்து மாறியிருக்கின்றன என்று பாருங்கள். 'கிட் லாக்' கட்டளையோடு 'நேம் ஒன்லி' சேர்த்தால் அந்தப் பட்டியல் கிடைத்துவிடும். அச்சு வடிவத்தைத் திருத்தியவர் வரி ஃபைலையும் தொட்டிருக்கிறார், வரியைத் திருத்தியவர் சரக்கு இருப்பையும் தொட்டிருக்கிறார் என்றால் வேலை இருக்கிறது. அப்படி இல்லையென்றால் இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

2. மூன்று காகிதங்கள்

காகிதம் என்று சொல்வது பழக்கத்தில். கூகுள் ஷீட்டோ வேர்டு ஃபைலோ எதுவானாலும் சரி. ஆனால் மூன்றும் முதல் நாளே கையில் இருக்க வேண்டும்.

முதலாவது சொத்துப் பட்டியல். ஒவ்வொரு ஃபைலும், அதன் வரி எண்ணிக்கை, அது என்ன வேலை செய்கிறது என்று ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்தில் 'மற்றும்' வந்துவிட்டால் பக்கத்தில் சிவப்பு மை வையுங்கள். எங்கள் பில் ஃபைலுக்கு நான் எழுதிய வாக்கியத்தில் நாலு 'மற்றும்' வந்தது.

இரண்டாவது ஒரு பக்க முடிவுக் குறிப்பு. ஏன் பிரிக்கிறோம், எத்தனை பேக்கேஜ் (தனித்தனிப் பாகம்), எதைத் தொடப்போவதில்லை, எத்தனை வாரம், அந்த வாரங்களில் புது வசதி எதுவும் கேட்கக்கூடாது என்று எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு 'சரி' வந்தாலும் போதும். இது சம்பிரதாயம் இல்லை. நாலாவது வாரத்தில் "அந்தச் சின்ன ரிப்போர்ட்டை மட்டும் போட்டுக் குடுத்துட்டு அப்புறம் பிரிங்களேன்" என்று கண்டிப்பாக வருவார்கள். எங்களுக்கு வந்தது. குறிப்பு இல்லாததால் செய்து கொடுத்தோம். அதில் போனது 9 நாள்.

மூன்றாவதுதான் முக்கியம்: முகவரிப் பட்டியல். இடது பக்கம் பழைய இடம், வலது பக்கம் புதிய இடம், மூன்றாவது கட்டத்தில் 'நிரலுக்கு வெளியே யார் யார் இந்தப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்' என்ற கேள்வி. அதற்குப் பதில் எழுதத்தான் 7-ஆவது படி.

3. நாள் குறிப்பது

கடைக்காரர்களுக்கான மென்பொருள் என்றால் காலண்டரை வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) தாக்கல் மாதம் 11-ஆம் தேதி, 3பி (வரி கட்டும் படிவம்) 20-ஆம் தேதி. 1 முதல் 20 வரை எந்தப் பெரிய நகர்த்தலையும் கடை சர்வரில் ஏற்றாதீர்கள். 21-க்குப் பிறகு மாதக் கடைசிவரை சுமார் 10 நாள் கிடைக்கும். அதிலும் செவ்வாய், புதன் நல்லது. வெள்ளிக்கிழமை ஏற்றினால் சனிக்கிழமை கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். மார்ச் கடைசியையும் ஏப்ரல் முதல் வாரத்தையும் மறந்துவிடுங்கள், பில் எண் வரிசை புதிதாகத் தொடங்கும் நேரம். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் அப்படியே. ஆனித் தேரோட்டத்தன்று டவுனுக்குள் ஒரு கடையில் பில் நின்றுபோனால் நீங்கள் நேரில் போய்ச் சேர்வதற்கே மத்தியானம் ஆகிவிடும்.

4. கை வைக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்

டெஸ்ட் (நிரலைச் சோதிக்கும் நிரல்) இல்லாத நிரலைப் பிரிக்கக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். எங்களிடம் பெயருக்குச் சில டெஸ்ட்கள்தான் இருந்தன. உட்கார்ந்து முழுதாக எழுதினால் அதற்கே மூன்று மாதம் பிடிக்கும். நாங்கள் செய்த மாற்று வழி இது.

ஒரு கடையின் சம்மதத்தோடு அவர்களுடைய ஒரு மாதப் பில்களை எடுத்தோம். பெயர், தொலைபேசி எண், ஜிஎஸ்டி எண் மூன்றையும் பொய்யானவையாக மாற்றினோம். அந்தப் பில்களைப் பழைய நிரலில் ஓடவிட்டு மொத்தம், வரி, ரவுண்ட் ஆஃப், சிட்டையில் அடிக்கும் எழுத்து எல்லாவற்றையும் ஃபைலாகச் சேமித்தோம். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் அதே பில்களை ஓடவிட்டு ஒப்பிட்டோம். ஒரு பைசா வித்தியாசம் வந்தாலும் நகர்த்தல் திரும்பிப் போகும். இதை அமைக்க 4 நாள் ஆனது. 11 வாரத்தில் எனக்குத் தூக்கம் வந்ததற்கு இந்த 4 நாள்தான் காரணம்.

ஒரு எச்சரிக்கை. பழைய விடையில் தப்பு இருக்கும். எங்களுக்கு ரவுண்ட் ஆஃபில் ஒரு தப்பு கிடைத்தது. அதை அப்போதே திருத்தக் கை துறுதுறுக்கும். திருத்தாதீர்கள். குறித்து வைத்துக்கொண்டு, பிரித்து முடித்த பிறகு தனி கமிட்டாகப் போடுங்கள்.

5. வேலி எங்கே போடுவது

பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்கு இது தெரியும். நிலத்தைப் பிரிப்பதில் சண்டை வராது. பொதுக் கிணறு, பொது நடை, அதில்தான் வரும். நிரலில் அந்தப் பொதுக் கிணற்றுக்கு 'யூட்டில்ஸ்' என்று பெயர். எல்லோரும் அதில்தான் தண்ணீர் எடுப்பார்கள், எல்லோரும் அதில்தான் எதையாவது போடுவார்கள். எங்கள் யூட்டில்ஸ் ஃபைலில் தேதியைத் தமிழில் எழுதும் ஃபங்ஷனும் இருந்தது, வாடிக்கையாளரின் பழைய பாக்கியைக் கணக்கிடும் ஃபங்ஷனும் இருந்தது. முன்னது உண்மையிலேயே பொது. பின்னது பற்று வரவுக்குச் சொந்தம். ஒவ்வொரு ஃபங்ஷனையும் எடுத்து 'இது யாருக்குச் சொந்தம்' என்று கேட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். கடைசியில் மிஞ்சுவது கொஞ்சமாக இருந்தால் நீங்கள் போடும் வேலி சரி. எங்களுக்கு 74 ஃபங்ஷனில் 11 மிஞ்சியது.

மாடல்கள் (டேபிள்களை விவரிக்கும் நிரல்) ஒரு பேக்கேஜ், வியூக்கள் (பக்கங்களைத் தரும் நிரல்) ஒரு பேக்கேஜ் என்று பிரிக்கும் யோசனை முதலில் எங்களுக்கும் வந்தது. வேண்டாம். ஒரு சின்ன மாற்றத்துக்கு எல்லா பேக்கேஜையும் திறக்க வேண்டி வரும். கடைக்காரர் பேசும் சொற்களை வைத்துப் பிரியுங்கள். எங்களுடையவை ஐந்து: வரி, சரக்கு, பற்று வரவு, பில், அச்சு. அண்ணாச்சி போன் செய்து முதல் வாக்கியம் சொன்னதும் எந்த பேக்கேஜ் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

யார் யாரை இம்போர்ட் செய்யலாம் (எந்த பேக்கேஜ் எதை எடுத்துப் பயன்படுத்தலாம்) என்ற திசையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தாமிரபரணியில், மேற்கே பாபநாசத்தில் திறந்துவிட்ட தண்ணீர் கிழக்கே சீவலப்பேரிக்கு வரும், சீவலப்பேரித் தண்ணீர் பாபநாசத்துக்கு ஏறாது. வரி பேக்கேஜ் மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கிறது. பில் அதைப் பயன்படுத்தலாம். பில் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே வரிக்குத் தெரியக்கூடாது.

6. முதல் பாகம்

யாரையும் சாராத பேக்கேஜில் தொடங்குங்கள். எங்களுக்கு அது வரி.

கிட் பெயர் மாற்றத்தைத் தனியாகப் பதிவு செய்வதில்லை. பழைய ஃபைலும் புதிய ஃபைலும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்த்து, பாதிக்கு மேல் ஒத்திருந்தால் 'இது இடம் மாறியது' என்று பிறகு ஊகிக்கிறது. ஆகவே நகர்த்துவது ஒரு கமிட், உள்ளே திருத்துவது அடுத்த கமிட். இரண்டையும் சேர்த்துச் செய்து, திருத்தம் பெரிதாகிவிட்டால் அந்த ஃபைலின் வரலாறு அறுந்துவிடும். ஐந்து வருடத்துக்கு முன் யார் எதற்காக அந்த வரியை எழுதினார்கள் என்று பிறகு தேடுவது கஷ்டம். முதல் வாரம் இரண்டையும் கலந்துவிட்டு, பிராஞ்சைத் தூக்கிப் போட்டு மறுபடி செய்தோம்.

பேக்கேஜுக்குள் 'எஸ்ஆர்சி' என்ற ஃபோல்டர் வைத்து அதற்குள் நிரலை வையுங்கள். 'பிப்' (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) கொண்டு எடிட்டபிள் முறையில் நிறுவினால் வேலை செய்யும்போது மாற்றங்கள் உடனே தெரியும். ஆனால் அந்த முறையில் எல்லாம் ஓடுகிறது என்பதை நம்பி ஏமாறாதீர்கள். டெம்ப்ளேட், எழுத்துரு, ஜேசன் போன்ற பைத்தான் அல்லாத ஃபைல்கள் எடிட்டபிள் முறையில் கண்ணுக்குத் தெரியும்; பேக்கேஜைக் கட்டி வீல் ஃபைலாக எடுத்துப் போகும்போது உள்ளே ஏறாமல் நின்றுவிடலாம். ஒவ்வொரு முறையும் வீல் கட்டி, காலியான புது வென்வில் (தனிப் பைத்தான் சூழலில்) நிறுவிப் பார்த்துவிட்டுத்தான் மெர்ஜ் செய்ய வேண்டும், அதாவது பொது நிரலோடு சேர்க்க வேண்டும்.

பழைய இடத்தை உடனே காலி செய்யாதீர்கள். அங்கே ஒரு சின்ன ஃபைல் வைத்து, புதிய இடத்திலிருந்து இம்போர்ட் செய்து அதே பெயரில் கொடுக்கட்டும், கூடவே 'இடம் மாறியாச்சு' என்று எச்சரிக்கை அச்சிடட்டும். பைத்தான் இந்த வகை எச்சரிக்கையைப் பெரும்பாலும் காட்டாமல் விழுங்கிவிடும். பைடெஸ்ட் ஓடும்போது காட்டும். டெஸ்ட்டில் பழைய முகவரியைச் சொல்லி மாக் செய்திருந்தால் (ஃபங்ஷனுக்குப் பதில் போலியை வைத்திருந்தால்) அந்த மாக் வேலை செய்யாது. போலிக்குப் பதில் அசல் ஃபங்ஷனே ஓடும். எங்கள் டெஸ்ட் ஒன்று அப்படித்தான் நிஜமாகவே எஸ்எம்எஸ் அனுப்பியது, எனக்கே.

7. நிரலுக்கு வெளியே கிடக்கும் பழைய முகவரிகள்

8 வாரத்தில் பாதி இங்கேதான் போனது. நிதானமாகப் படியுங்கள்.

இம்போர்ட் வரிகளை எடிட்டரே மாற்றித் தரும். எழுத்துச் சரமாக மேற்கோளுக்குள் கிடக்கும் பெயர்களை அது பார்ப்பதில்லை. ஜாங்கோ செட்டிங்ஸில் ஆப் பெயர்களும் மிடில்வேர் பெயர்களும் அப்படித்தான் இருக்கின்றன. லாகிங் அமைப்பிலும் அப்படியே. சர்வரில் கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓடவிடும் கருவி) வரிகளில் இருக்கும். வீட்டை மாற்றிவிட்டுத் தபால்காரருக்குச் சொல்லாமல் விட்ட கதை.

டேட்டாபேஸ் டேபிள். ஜாங்கோ டேபிளுக்குத் தானாக வைக்கும் பெயரில் ஆப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு மாடலை ஓர் ஆப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தி மைக்ரேஷன் (டேட்டாபேஸை மாற்றும் ஃபைல்) உருவாக்கச் சொன்னால், பழைய டேபிளை அழி, புதிதாகக் காலி டேபிள் கட்டு என்று எழுதித் தரும். படிக்காமல் ஓடவிட்டால் கடைக்காரரின் வாடிக்கையாளர் பட்டியல் போச்சு. மாடலின் மெட்டாவில் பழைய டேபிள் பெயரையே எழுதிக் கட்டிப்போடுங்கள். டேட்டாபேஸைத் தொடாமல் ஜாங்கோவின் கணக்கில் மட்டும் மாற்றும் மைக்ரேஷன் வகை ஒன்று இருக்கிறது, 'செப்பரேட் டேட்டாபேஸ் அண்ட் ஸ்டேட்' என்று பெயர், அதைப் பயன்படுத்துங்கள். எந்த மைக்ரேஷனையும் ஓடவிடும் முன் 'எஸ்க்யூஎல்மைக்ரேட்' கொடுத்து அது என்ன செய்யப்போகிறது என்று கண்ணால் படியுங்கள். ஓர் ஆப் முழுதாக இடம் மாறுகிறதென்றால் வேலை சுலபம்: ஆப் அமைப்பில் 'லேபிள்' என்ற இடத்தில் பழைய பெயரையே விட்டுவிடுங்கள். டேபிளும் அனுமதிகளும் இருந்த இடத்தில் இருக்கும்.

அனுமதி என்றதும் சொல்ல வேண்டியது. யார் எதைத் திறக்கலாம் என்ற அனுமதியின் பெயரிலும் அந்த லேபிள் இருக்கிறது. லேபிள் மாறினால் புது அனுமதிகள் உருவாகும், ஆனால் அவை யாருக்கும் கொடுக்கப்பட்டிருக்காது. நிர்வாகிக் கணக்கில் நுழைந்து சோதித்தால் எல்லாம் திறக்கும், ஏனென்றால் சூப்பர் யூசருக்குத் தடையே கிடையாது. நாங்கள் அப்படித்தான் சோதித்தோம். மறுநாள் காலை அம்பாசமுத்திரத்துக் கடை ஒன்றில் கல்லாவில் இருந்த பையனுக்கு வாடிக்கையாளர் பக்கமே வரவில்லை. காசாளர் கணக்கில் நுழைந்து சோதியுங்கள்.

செலரி. பின்னணி வேலைகளுக்குப் பெயர் கொடுக்காவிட்டால் செலரி அந்த ஃபங்ஷன் இருக்கும் மாட்யூலின் முழு முகவரியையே பெயராக வைத்துக்கொள்ளும். நீங்கள் புது நிரலை ஏற்றும் நேரத்தில் வரிசையில் காத்திருக்கும் வேலைகள் பழைய பெயரோடு வரும். 'இப்படி ஒரு வேலை பதிவாகவில்லை' என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டு அதை வீசிவிடும். பில் நிற்காது, யாருக்கும் தெரியாது, ராத்திரி போக வேண்டிய விற்பனைக் கணக்கு மட்டும் போகாது. ஒவ்வொரு வேலைக்கும் இப்போதிருக்கும் பெயரையே வெளிப்படையாக எழுதி ஒரு ரிலீஸ் விடுங்கள், அடுத்த ரிலீஸில் நகர்த்துங்கள்.

பிக்கிள், அதாவது பைத்தான் பொருளை அப்படியே சேமிக்கும் முறை. கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) எதையாவது பிக்கிளாகப் போட்டிருந்தால் அதற்குள்ளும் கிளாஸின் முகவரி இருக்கும். கேஷைக் காலி செய்துவிட்டு ஏற்றுங்கள். ஃபைலாகவோ டேட்டாபேஸிலோ நிரந்தரமாக வைத்திருந்தால் பழைய முகவரியில் வைத்த சின்ன ஃபைலை எடுக்கவே முடியாது.

8. வட்டத்தில் மாட்டிக்கொள்வது

சரக்கு பில்லை இம்போர்ட் செய்யும், பில் சரக்கை இம்போர்ட் செய்யும். பைத்தான் 'பாதி உருவான மாட்யூல்' என்று சொல்லி நின்றுவிடும். இம்போர்ட்டை ஃபங்ஷனுக்குள் இறக்கிவிட்டால் பிழை மறையும். வட்டம் போகாது. எங்கள் நிரலில் இப்படி ஒளித்து வைத்த இம்போர்ட் 40-க்கு மேல் இருந்தன, பாதி நானே எழுதியவை.

பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் வழி. இரண்டும் உண்மையில் ஒன்றென்றால் சேர்த்துவிடுங்கள், அதில் வெட்கமில்லை. இருவருக்கும் வேண்டிய சிறு துண்டை மேற்கே ஒரு பேக்கேஜுக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் அழைப்பதற்குப் பதில் மதிப்பைக் கையில் கொடுங்கள். எங்கள் சரக்கு, 'இந்தப் பில்லில் என்னென்ன போயிருக்கிறது' என்று பில்லைக் கேட்டுக்கொண்டிருந்தது. பில் போட்டவுடன் பொருளும் எண்ணிக்கையும் கொண்ட ஒரு பட்டியலைச் சரக்கிடம் கொடுத்துவிடும்படி மாற்றினோம். அதன் பிறகு சரக்குக்குப் பில்லைத் தெரிய வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

9. வேலியைக் காவல் காக்க

வாயால் சொன்ன எல்லை இரண்டு மாதம் நிற்கும். 'இம்போர்ட் லின்டர்' என்ற இலவசக் கருவியில் எந்த பேக்கேஜ் மேலே, எது கீழே என்று எழுதிவிட்டால், யாராவது திசை மாற்றி இம்போர்ட் செய்திருந்தால், மெர்ஜுக்கு முன் அதை ஓடவிடும்போது பிழை காட்டிவிடும். அமைக்க அரை நாள். முதல் நாளில் நூறு மீறல் காட்டும். இருக்கிறவற்றை விதிவிலக்காகப் பதிந்துவிட்டு, புதிதாக எதுவும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஐந்தாறு குறைத்தால் போதும்.

10. செலவு

பெரிய செலவு ஆள் நேரம். இரண்டு பேர் பாதி நேரம் என்று கணக்கிடுங்கள். நாலு பேரும் இறங்கினால் மெர்ஜ் சண்டையிலேயே நாள் போகும்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. கிட்ஹப்பின் இலவசத் திட்டத்தில் தனியார் ரெப்போவுக்கு டெஸ்ட் ஓட்ட மாதம் 2,000 நிமிடம் தருகிறார்கள். ஒவ்வொரு ஜாபின் நேரத்தையும் அடுத்த முழு நிமிடத்துக்கு ஏற்றிக் கணக்கிடுவார்கள். ஐந்து பேக்கேஜுக்கு ஐந்து ஜாப், ஒவ்வொன்றும் 20 வினாடி என்றால் ஓடுவது 100 வினாடி, கழிவது 5 நிமிடம். நாளைக்கு 20 முறை புஷ் செய்தால் 100 நிமிடம், இருபது வேலை நாளில் மொத்தமும் தீர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே ஜாபில் அடுத்தடுத்து ஓடவிடுங்கள்.

பேக்கேஜைப் பிரித்தால் ரெப்போவையும் பிரிக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். சின்னக் குழுவுக்கு ஒரே ரெப்போ போதும். தனித்தனியாக வைத்தால் ஒரு மாற்றத்துக்கு மூன்று ரிவ்யூ, மூன்று வெர்ஷன் எண், எது எதோடு பொருந்தும் என்று ஒரு தனிப் பட்டியல். உங்கள் பேக்கேஜைத் தனியார் சர்வரில் வைத்து 'எக்ஸ்ட்ரா இண்டெக்ஸ்' மூலம் எடுத்தால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: அதே பெயரில் பைபிஐ-யில் (பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கில்) யாராவது பெரிய வெர்ஷன் எண்ணோடு ஒன்றை ஏற்றி வைத்தால் பிப் அதை எடுத்துக்கொள்ளும். 2021-இல் பெரிய பெரிய நிறுவனங்களே இதில் மாட்டின. ஒரே ரெப்போவில் ஃபோல்டர் பாதையைச் சொல்லி நிறுவினால் இந்தப் பேச்சே இல்லை.

11. எங்கே நிறுத்துவது

வரி, சரக்கு, பற்று வரவு, பில் நான்கும் இப்போது தனித்தனி. பழைய இடத்தில் வைத்த சின்ன ஃபைல்களை, இரண்டு மாதம் லாகில் ஒரு எச்சரிக்கையும் வராததைப் பார்த்துவிட்டு எடுத்தோம். எச்சரிக்கை லாகில் விழும்படி சர்வரில் அமைத்துவிட்டுத்தான் அந்த இரண்டு மாதத்தை எண்ண ஆரம்பிக்க வேண்டும்.

அச்சு பேக்கேஜுக்குள் மட்டும் நாங்கள் போகவில்லை. வரி விகிதத்தை அதிலிருந்து பிடுங்கியதோடு சரி. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குச் சிட்டை அடிக்கும் 1,400 வரி ஒரே ஃபைலில் கிடக்கிறது. எழுதியவர் ஊரைவிட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. எந்த ஸ்பேஸை எடுத்தால் எந்தக் கடையில் மொத்தம் பக்கத்து வரிசைக்குத் தள்ளிப்போகும் என்று யாருக்கும் தெரியாது. நான் ஒருநாள் அதைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் சீனியர் அண்ணன் பின்னால் வந்து நின்றார். "ஏல, அத இப்பம் தொடாத. அவங்க பிரிண்டர் மாத்தட்டும், அன்னைக்குப் பாத்துக்கலாம்." மூடிவிட்டேன். பாளையங்கோட்டை அண்ணாச்சி இன்னும் பிரிண்டரை மாற்றவில்லை.